பொருளுக்குப் பதிவேடு உண்டு, ஆளுக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை ஒரே துறையிலிருந்து வந்திருக்கின்றன. மேசை, நாற்காலி, கூடாரம், ஜெனரேட்டர், சாரக் குழாய், மண் அள்ளும் இயந்திரம், கார், விழா உடை என எதையேனும் வாடகைக்கு விடும் இடங்களில் வேலை செய்பவர்கள் அவற்றை எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் குறையும் வெவ்வேறாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இளமையில் சில ஆண்டுகள் இப்படியொரு வாடகைக் கிடங்கில் கணக்கு எழுதியவன் நான். இந்தக் கடிதங்களில் உள்ள பலவற்றை நேரில் கண்டிருக்கிறேன்.

பதில்களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளையும் பரிந்துரைகளையும் அடிக்கடி எடுத்துக்காட்டியிருக்கிறேன். உடன்படிக்கைகள் அவற்றை ஏற்று உறுதி செய்த நாடுகளைக் கட்டுப்படுத்தும். பரிந்துரைகள் வழிகாட்டுபவை மட்டுமே. உங்கள் நாட்டுச் சட்டமே உங்களுக்கு முதன்மையானது. ஆயினும் எது நியாயம் என்று உலகம் கூடி வகுத்த அளவுகோல் எது என்பதை அறிந்துகொண்டு பேசுவதற்கும் அறியாமல் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு.

கேள்வி: மேசை, நாற்காலி, கூடாரம் வாடகைக்கு விடும் ஒரு கடையில் பதினோரு ஆண்டுகளாக ஏற்று இறக்கு வேலையும் கூடாரம் கட்டும் வேலையும் செய்துவருகிறேன். என் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடுப்பு பற்றிக் கேட்டால், "நீ என் ஆள் இல்லை, வேலை இருக்கும்போது வருகிறாய், கூலி வாங்கிக்கொண்டு போகிறாய்" என்கிறார் முதலாளி. கடை முறைப்படி பதிவு செய்யப்பட்டது, வரியும் கட்டுகிறது. கடை முறையானதாக இருக்க, நான் மட்டும் முறைசாராத் தொழிலாளியாக இருக்க முடியுமா?

பதில்: முடியும். உங்களைப் போன்றவர்கள் நெடுங்காலம் கணக்கிலேயே வராமல் போனதற்கும் அதுதான் காரணம். 1970களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கீத் ஹார்ட், கானா நாட்டின் அக்ரா நகரத்து எளிய மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். 1972இல் கென்யாவைப் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை வெளிவந்தது. இவற்றின் வழியாகப் பரவிய 'முறைசாரா' என்ற சொல், பதிவில்லாத சிறு தொழில்களையே முதலில் குறித்தது. 1993இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு வகுத்த வரையறையும் நிறுவனத்தை வைத்தே அமைந்தது. அந்த வரையறையின்படி பார்த்தால், பதிவு பெற்ற கடையில் வேலை செய்யும் நீங்கள் முறைசாராதவர் ஆகமாட்டீர்கள். 2003இல் அதே மாநாடு தன் பார்வையை நிறுவனத்திலிருந்து வேலைக்கு மாற்றியது. சட்டத்திலோ நடைமுறையிலோ தொழிலாளர் சட்டம், வருமான வரி, சமூகப் பாதுகாப்பு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலியவற்றுக்கு வெளியே நிற்கும் வேலை, எத்தனை பெரிய நிறுவனத்துக்குள் இருந்தாலும் முறைசாரா வேலையே என்று அது வரையறுத்தது. 'நடைமுறையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் உங்களுக்கு உரிமை தந்தும் அது உங்கள் கைக்கு வந்து சேராவிட்டால், நீங்கள் முறைசாராத் தொழிலாளியே. உலகில் வேலை செய்வோரில் சுமார் 61 விழுக்காட்டினர், அதாவது 200 கோடிப் பேர், இவ்வகையினர் என்று 2018இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது.

அடுத்து, "நீ என் ஆள் இல்லை" என்ற பேச்சுக்கு வருவோம். ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை முதலாளியின் வாய்ச்சொல்லோ, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரோ தீர்மானிப்பதில்லை. உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்பதே தீர்மானிக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் 198ஆம் எண் பரிந்துரை. அதற்கான அடையாளங்களையும் அது தருகிறது: யாருடைய கட்டளைப்படி வேலை நடக்கிறது, வேலைக்கான நேரத்தையும் இடத்தையும் யார் குறிக்கிறார்கள், கருவிகள் யாருடையவை, வேலையைத் தானே நேரில் செய்ய வேண்டுமா, இதுவே முதன்மையான வருமானமா, தொழிலின் நட்டத்தைத் தொழிலாளி சுமக்கிறாரா என்பவை அவற்றுள் சில. கூடாரம் அவருடையது, வண்டி அவருடையது, எங்கே எப்போது கட்ட வேண்டும் என்று சொல்பவர் அவர், பதினோரு ஆண்டுகளாக உங்கள் குடும்பம் நம்பியிருப்பது அந்தக் கூலியை. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நீங்கள் அவருடைய தொழிலாளிதான் என்பதே என் தெளிவான கருத்து.

இதை எப்படி மெய்ப்பிப்பது என்று கேட்பீர்கள். வேறு பல தொழில்களில் இல்லாத ஒரு வசதி வாடகைத் தொழிலில் இருக்கிறது. பொருள் எந்த நாளில், எத்தனை மணிக்குக் கிடங்கை விட்டுக் கிளம்பியது, எங்கே இறங்கியது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் சலானில், அதாவது பொருளோடு போகும் சீட்டில், எழுதப்பட்டிருக்கும். பொருள் தானாக நடந்து போவதில்லை. அதை ஏற்றி இறக்கியவர் என்ற இடத்தில் பல நேரம் உங்கள் கையெழுத்தே இருக்கும். நாற்காலிக்காக எழுதப்பட்ட அந்தத் தாள் உங்கள் உழைப்புக்கும் சாட்சி. இன்று முதல், நீங்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு சலானின் எண்ணையும் தேதியையும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஒளி, ஒலிக் கருவிகள் வாடகை நிறுவனத்தில் உதவியாளராக இருக்கிறேன். காலை ஆறு மணிக்குச் சாமான் ஏற்றுகிறோம். பத்து மணிக்குள் மேடையில் எல்லாவற்றையும் பொருத்திவிடுவோம். நிகழ்ச்சி இரவு பதினொன்றுக்கு முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பிறகு கழற்றி, ஏற்றி, கிடங்கில் இறக்கும்போது விடியற்காலை இரண்டு மணி. இதற்கு ஒருநாள் கூலி தருகிறார்கள். "பகல் முழுவதும் சும்மாதானே உட்கார்ந்திருந்தாய்" என்கிறார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியம் கேட்பது தவறா?

பதில்: தவறே இல்லை. நீங்கள் எழுதியிருப்பது இருபது மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே, 1919ஆம் ஆண்டிலேயே, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கு வகுத்துவிட்டது. அதை வணிகத்துக்கும் அலுவலகங்களுக்கும் விரிவாக்கிய 1930ஆம் ஆண்டின் 30ஆம் எண் உடன்படிக்கை, வேலை நேரம் என்றால் என்ன என்பதையும் சொல்கிறது: தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம், ஏவலுக்கு உட்படாத ஓய்வு நேரம் மட்டும் அதில் சேராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "கை அசைந்ததா" என்பதன்று, "விட்டுப் போக முடிந்ததா" என்பதே. பத்து மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு இரவில் திரும்பி வர உங்களை விட்டிருந்தால், அது உங்கள் நேரம். ஒலிபெருக்கி கரகரத்தால் ஓடிச்சென்று சரிசெய்வதற்காக மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தால், அது அவர்களுடைய நேரம்.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்தது. பயணி ஏறியிருக்கும் நேரம் மட்டுமல்ல, உரிய பகுதிக்குள் செயலியைத் திறந்துவைத்து, அழைப்பை ஏற்க ஆயத்தமாகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று அது கூறியது.

என் மனத்தை வருத்தும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வாடகைத் தொழில் விற்பதே காலத்தைத்தான். ஒலிபெருக்கி பாடினாலும் பாடாவிட்டாலும், நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், கிடங்கை விட்டுப் போன நொடி முதல் திரும்பும் நொடிவரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தாமதமானால் இரண்டாம் நாள் வாடகை கேட்கப்படும். சும்மா கிடக்கும் இரும்புக்குக் காலத்தின் விலையை வாங்கிக்கொள்ளும் தொழில், அதற்குக் காவலாக நிற்கும் மனிதனின் காலத்துக்கு விலை இல்லை என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உங்கள் நிறுவனத்தாரிடம் கேட்கும்போது, பொருத்துவதற்கு, காத்திருப்பதற்கு, கழற்றி ஏற்றுவதற்கு என்று மூன்று தனித்தனி நேரங்களாகப் பிரித்துக் கேளுங்கள். காத்திருப்புக்குச் சற்றுக் குறைந்த விகிதம் பேசினாலும், அந்த நேரம் தாளில் ஏறிவிட்டால் அடுத்த பேச்சுக்கு அதுவே அடிப்படையாகும். இரவு பதினொன்றுக்குப் பிறகு கனமான பெட்டிகளைத் தூக்குவது ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓர் ஆணால் கையால் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோவுக்கு மேல் இருக்கும் இடங்களில் அதை விரைந்து அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டின் 128ஆம் எண் பரிந்துரை. பதினெட்டு மணி நேரம் விழித்திருந்த உடம்புக்கு அந்த அளவும் மிகுதி.

கேள்வி: பாத்திரம், கண்ணாடிக் குவளை வாடகைக் கடையில் வேலை. ஒவ்வொரு மாதமும் "உடைந்தது, காணாமல் போனது" என்று கூலியில் பிடித்தம் செய்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று சொல்வதில்லை. நான் உடைக்காததற்கும் பிடிக்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிடித்தங்களைப் பேரேட்டில் எழுதியவன் நான்.

சாமான் திரும்பும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஒற்றை விளக்கின் கீழே ஒருவர் எண்ணுவார், ஒருவர் குறிப்பார். கழுவாமல் வந்த தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டு ஒன்றாக எண்ணப்படும். குவளைப் பெட்டியில் அடியில் நசுங்கிய அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று காலையில்தான் தெரியும். போகும்போது எண்ணியவர் வேறு, திரும்பும்போது எண்ணியவர் வேறு. நடுவில் வாடிக்கையாளர் வீட்டிலோ மண்டபத்திலோ எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் பிறகு, குறைந்த பன்னிரண்டு குவளைகளின் விலை, அன்று வண்டியில் போன இருவரின் பெயரில் எழுதப்படும். வாடிக்கையாளர் கட்டிய முன்பணத்திலிருந்தும் அதே பன்னிரண்டு குவளைகளின் விலை கழிக்கப்பட்டதை என் கணக்கிலேயே பார்த்தேன். இரண்டு பக்கங்களிலும் எழுதியது என் கை. கேட்டபோது, "உன் வேலை எழுதுவது" என்றார்கள். நான் மேலும் கேட்கவில்லை. அது இன்றும் எனக்குப் பாரமாக இருக்கிறது.

ஊதியப் பாதுகாப்புக்கான 1949ஆம் ஆண்டின் 95ஆம் எண் உடன்படிக்கையின்படி, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்கு, அனுமதித்த முறையில் மட்டுமே ஊதியத்தில் பிடித்தம் செய்யலாம். அந்த நிபந்தனைகள் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். அதனுடன் வந்த 85ஆம் எண் பரிந்துரை உங்கள் சிக்கலுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. முதலாளியின் பொருளுக்கு நேர்ந்த இழப்புக்காகப் பிடித்தம் செய்வதானால், அந்த இழப்புக்கு அந்தத் தொழிலாளியே பொறுப்பு என்பது தெளிவாகக் காட்டப்பட வேண்டும். தொகை நியாயமானதாகவும் உண்மையான இழப்பைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்.

ஆகவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எந்த நாள், எந்தச் சலான், எத்தனை உருப்படி? வாடிக்கையாளரிடமிருந்து இதற்கு ஏதேனும் வசூலிக்கப்பட்டதா? வாங்கி நான்கு ஆண்டான குவளைக்குப் புதுக் குவளையின் விலை ஏன்? அத்துடன், போகும்போதும் வரும்போதும் உங்கள் முன்னிலையில் எண்ணி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். இதைக் கேட்டவுடனேயே பாதிப் பிடித்தம் நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பேட்டாவும் கூலியும் ஒன்றுதானா? வெளியூர் போனால் பேட்டா தருவதால் கூலி குறைவாகத் தருகிறார்கள்.

பதில்: பேட்டா உங்கள் உணவுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவுக்கானது; கூலி உங்கள் உழைப்புக்கானது. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைப்பது முறையன்று. ஓவர்டைம், விபத்து இழப்பீடு, ஓய்வுக்கால நிதி ஆகியவை பல இடங்களில் கூலியை அடிப்படையாக வைத்தே கணக்கிடப்படுவதால், கூலியைச் சுருக்கிப் பேட்டாவைப் பெருக்கினால் இன்று கையில் அதே தொகை வந்தாலும் நாளை இழப்பு உங்களுக்கே. பயணச் செலவை முதலாளியே ஏற்பது, 198ஆம் எண் பரிந்துரையின்படி, நீங்கள் அவருடைய தொழிலாளி என்பதற்கான அடையாளங்களுள் ஒன்று. பேட்டா வாங்கிய சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: மண் அள்ளும் இயந்திரத்தின் ஆபரேட்டர் நான். இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அதனுடன் என்னையும் அனுப்புவார்கள். சென்ற மாதம் வேலையிடத்தில் பள்ளத்தின் கரை சரிந்து காலில் அடிபட்டது. இயந்திரச் சொந்தக்காரர் "அது கட்டுமானக்காரர் இடத்தில் நடந்தது" என்கிறார். கட்டுமானக்காரர் "நீ இயந்திரத்தோடு வந்தவன்" என்கிறார். யாரிடம் போவது?

பதில்: முதலில் உங்கள் கால் விரைவில் குணமாகட்டும்.

உங்களைப் போன்றவர்களின் நிலையை ஐக்கிய நாடுகளின் தொழில் வகைப்பாடே காட்டிக்கொடுக்கிறது. 2008இல் வெளியான அதன் நான்காம் திருத்தத்தில் வாடகைத் தொழில்களுக்கு 77ஆம் பிரிவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாகனம், வீட்டுப் பொருள், விளையாட்டுக் கருவி, கட்டுமான இயந்திரம் எல்லாம் அதில் வரும். ஆனால் இயந்திரம் ஆபரேட்டரோடு போனால் அது 77இல் சேராது, கட்டுமானத்தில் சேர்ந்துவிடும். லாரி ஓட்டுநரோடு போனால் போக்குவரத்தில் சேரும். சாரக் குழாயை மட்டும் கொடுத்தால் வாடகை; கட்டிக் கொடுத்துக் கழற்றினால் கட்டுமானம். வகைப்பாட்டுக்கு அப்படி ஒரு கோடு தேவைதான், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் மனிதன் ஏறியதும் தொழிலின் பெயர் மாறிவிடும் இந்த இடைவெளியில்தான், பொறுப்பை ஆளுக்கு ஆள் தட்டிக்கழிக்கும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது.

உங்களுக்குக் கூலி கொடுப்பவர் இயந்திரச் சொந்தக்காரர். எனவே விபத்து இழப்பீட்டுக்கு முதலில் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். கட்டுமானக்காரரையும் விட்டுவிட வேண்டியதில்லை. பணிப் பாதுகாப்புக்கான 1981ஆம் ஆண்டின் 155ஆம் எண் உடன்படிக்கை, ஒரே வேலையிடத்தில் இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் பாதுகாப்பில் இரண்டும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. கரைக்கு முட்டுக் கொடுக்காமல் பள்ளம் தோண்டச் சொன்னது யார் என்பது இங்கே முக்கியமான கேள்வி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகிக்கொண்டவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், பாதுகாப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. 2022 முதல் இது அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மருத்துவமனைச் சீட்டில் "வேலையிடத்தில் அடிபட்டது" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலர் வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு. இயந்திரம் அன்று எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மீட்டர் கணக்கும், வாடகைக்காரர் கையெழுத்திட்ட நாள் சீட்டும் கிடைத்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே இருந்ததற்கு அவையே சான்று.

கேள்வி: ஒருவரிடம் காரை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். வாடகையும் எரிபொருளும் போக மிஞ்சுவது என்னுடையது. நான் தொழிலாளியா, தொழில் செய்பவனா?

பதில்: இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. வாகனத்தைக் கொடுத்து வாடகை வாங்குவதோடு அவர் ஒதுங்கிவிட்டால், எங்கே, எப்போது ஓட்டுவது, யாரை ஏற்றுவது, என்ன கட்டணம் என்பதெல்லாம் உங்கள் விருப்பம் என்றால், நீங்கள் வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்பவர். அப்போது நீங்கள் காக்க வேண்டியது உங்கள் குத்தகையை: பெரிய பழுது யார் செலவு, வண்டி பணிமனையில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா, காப்பீடு யார் பெயரில் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மாறாக, பயணிகளை அவரே தந்து, கட்டணத்தையும் நேரத்தையும் அவரே குறித்து, வேறொருவருடைய வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது என்றும் தடுத்தால், 'வாடகை' என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது வேலை உறவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் ஏராளம். 2018இல் புள்ளியியலாளர் மாநாடு இவர்களுக்கென்றே 'சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர்' என்ற தனி வகையை ஏற்படுத்தியது. பத்து நாள் கணக்கு எழுதிப் பாருங்கள். நாளின் எத்தனையாவது மணி நேரத்தில் வாடகை அடைபட்டு உங்கள் சம்பாத்தியம் தொடங்குகிறது என்று தெரிந்தால், பேச வேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: விழா உடைகள் வாடகைக்கு விடும் கடையிலிருந்து திரும்பி வந்த உடைகளை வாங்கிவந்து, வீட்டிலேயே துவைத்து, தேய்த்து, கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கிறேன். உருப்படிக் கணக்கில் கூலி. மின்சாரம், தண்ணீர், நூல் எல்லாம் என் செலவு. கடையில் அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு மாதச் சம்பளம். "வீட்டிலிருந்தே செய்வதால் நீங்கள் கடை ஊழியர் இல்லை" என்கிறார்கள்.

பதில்: சகோதரி, உடை வாடகைத் தொழிலின் பெரும் பகுதி உங்கள் கையில்தான் நடக்கிறது. கறை போகாத உடையை யாரும் இரண்டாம் முறை வாடகைக்கு எடுப்பதில்லை. ஓர் உடை பத்து முறை வாடகைக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக்கிக் கொடுப்பவர் நீங்கள்.

வீட்டுவழிப் பணிக்கான 1996ஆம் ஆண்டின் 177ஆம் எண் உடன்படிக்கை, வீட்டிலிருந்தபடி முதலாளி சொன்ன முறையில் கூலிக்கு வேலை செய்பவரை, கருவி யாருடையதாக இருந்தாலும், வீட்டுவழித் தொழிலாளர் என்று ஏற்கிறது. ஊதியம், சமூகப் பாதுகாப்பு, மகப்பேற்றுப் பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றில் மற்றத் தொழிலாளர்களுக்கு இணையாக அவரை நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அதோடு வந்த 184ஆம் எண் பரிந்துரை, வேலைக்காகச் செலவாகும் மின்சாரம், தண்ணீர் போன்றவற்றை ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்த நாடுகள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. ஆனால் சம மதிப்புள்ள வேலைக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சம ஊதியம் என்ற 1951ஆம் ஆண்டின் 100ஆம் எண் உடன்படிக்கையை மிகப் பெரும்பாலான நாடுகள் ஏற்றிருக்கின்றன.

ஒரு வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள். ஒவ்வோர் உடைக்கும் எடுத்த நேரத்தைக் குறியுங்கள். கல் பதித்த கனமான உடையும் மெல்லிய சட்டையும் ஒரே உருப்படியாகக் கணக்கிடப்படுவது அப்போது கண்ணுக்குத் தெரியும். வாரக் கூலியிலிருந்து செலவுகளைக் கழித்து, மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை உங்கள் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் பக்கத்தில் எழுதி, கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் சிறிய அளவில் சாமான் வாடகைக் கடை நடத்துகிறேன். ஆண்டில் நான்கு மாதம் ஓயாத வேலை, மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். எல்லாரையும் நிரந்தரமாக்கினால் கடையை மூட வேண்டிவரும். தொழிலாளர் பக்கமே பேசும் நீங்கள் என் நிலைக்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கவலை உண்மையானது, அதை நான் குறைத்து மதிக்கவில்லை. முறைசாராப் பொருளாதாரத்திலிருந்து முறைசார்ந்த நிலைக்கு மாறுவது பற்றிய 2015ஆம் ஆண்டின் 204ஆம் எண் பரிந்துரையும், அந்த மாற்றத்தில் மக்களின் பிழைப்பு அழிந்துவிடக் கூடாது என்றும், சிறு தொழில்களுக்குப் பதிவு முறைகளை எளிதாக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் நிரந்தர வேலையும் பதிவுள்ள வேலையும் ஒன்றல்ல. நான்கு மாத வேலைக்கு நான்கு மாதத்துக்கு மட்டும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். அந்த நான்கு மாதத்துக்கும் வருகைப் பதிவேடு, கூலிச் சீட்டு, விபத்துக் காப்பீடு ஆகியவை இருந்தால், அவர் பருவகாலத் தொழிலாளி. இல்லாவிட்டால் அவர் யாருமே இல்லை. அடுத்த பருவத்தில் முதலில் அவரையே அழைப்பதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டால், பழகிய கைகள் உங்களை விட்டுப் போகாது.

உங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பில்களில் பொருள் வாடகை மட்டும் இருக்கும். ஏற்றவும் கட்டவும் கழற்றவும் ஆன கூலி அதற்குள்ளேயே மறைந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரர் வாடகையைக் குறைத்தால் நீங்களும் குறைப்பீர்கள்; நாற்காலி வாங்கிய விலை குறையாது, வண்டி எரிபொருள் குறையாது, கடைசியில் குறைவது கூலி ஒன்றுதான். கூலியைத் தனி வரியாகப் பில்லில் காட்டுங்கள். நள்ளிரவில் கழற்றச் சொன்னால் அதற்கான கட்டணத்தையும் வாடிக்கையாளர் பார்க்கட்டும். காலையில் கழற்றினால் போதும் என்று அவர்களே சொல்லிவிடக் கூடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஏழெட்டு வாடகைக் கடைகள். ஒரே ஆட்கள் இன்று இந்தக் கடைக்கும் நாளை அந்தக் கடைக்கும் போகிறோம். ஒரே முதலாளி இல்லாத எங்களுக்குச் சேமநிதி, காப்பீடு எல்லாம் எப்படிச் சாத்தியம்?

பதில்: இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிரிட்டனின் துறைமுகத் தொழிலாளர்கள் உங்களைப் போலவே காலையில் கூடி நின்று, அழைப்பவரோடு போனவர்கள். 1947இல் தொடங்கிய தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டத்தின்படி அவர்கள் ஒரு வாரியத்தில் பதிவு செய்யப்பட்டார்கள். வேலைக்கு வந்து நின்றும் அன்று வேலை கிடைக்காதவருக்கு வருகைப் பணம் என்று ஒரு தொகை தரப்பட்டது. 1989இல் அத்திட்டம் நீக்கப்பட்டாலும், வேலைக்காகக் காத்திருப்பதற்கும் மதிப்புண்டு என்பதை நாற்பது ஆண்டுகள் அது நடத்திக் காட்டியது. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் சுமைதூக்கும் 'மாத்தாடி' தொழிலாளர்களுக்காக 1969இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் வாரியத்தில் பதிவு செய்துகொள்ள, முதலாளி கூலியையும் அதன் மேல் ஒரு விழுக்காட்டுத் தொகையையும் வாரியத்தில் செலுத்துகிறார். வாரியம் தொழிலாளிக்குக் கூலி வழங்கி, சேமநிதி முதலிய நலன்களையும் பார்த்துக்கொள்கிறது. முதலாளிகள் பலராக இருந்தாலும் தொழிலாளியின் கணக்கு ஒன்றாக இருக்கிறது என்பதே அதன் சிறப்பு.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எவ்வித வேறுபாடும் இன்றித் தொழிலாளர் அனைவரும் தங்கள் விருப்பப்படி சங்கம் அமைக்கலாம் என்கிறது 1948ஆம் ஆண்டின் 87ஆம் எண் உடன்படிக்கை. ஏழெட்டுக் கடைகளிலும் மாறி மாறிப் போகிறவர்கள் நீங்கள் என்பதால், எந்தக் கடையில் என்ன கூலி, யார் காத்திருப்புக்குத் தருகிறார், யார் பிடித்தம் செய்கிறார் என்பதெல்லாம் உங்களுக்கே நன்கு தெரியும். அதை முதலில் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே மாதிரியான வேலை அட்டை ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் தேதி, கடை, சலான் எண், கிடங்கை விட்டுக் கிளம்பிய மணி, திரும்பிய மணி, பெற்ற தொகை, பிடித்தம், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று எட்டுக் கட்டங்கள் போதும். சிலர் கையெழுத்திட மறுப்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மற்றவற்றை நிரப்புங்கள். மூன்று மாதம் கழித்து அந்த அட்டைகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போங்கள். போகுமுன் எனக்கும் ஒரு நகல் அனுப்பினால், மனு எழுதுவதற்கு நான் உதவுகிறேன்.